கொய்யா மரத்துக்குத் துளசி வேலி

அறுபதுகளில், தாராவியில் நாங்கள் குடியிருந்த சாள் என்கிற வரிசை வீட்டு வாசலில் நான் வளர்த்த கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. அடியில் காயப்போட்ட துணியெல்லாம் பிசுபிசுத்தது. வீட்டுச் சொந்தக்காரர் அண்ணாச்சி, மரத்தை வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் வாசனைதான். என் பீடி நாற்றத்துக்குப் பெண்டாட்டியே ஓடுகிறாள், பூச்சி ஓடாதா? மரத்தைச் சுற்றி நெருக்கமாகத் துளசி நட்டேன்.

"ஏல, பூச்சிய வெரட்டுதியா, மால போட்டுக் கூப்பிடுதியா?" என்றார் அண்ணாச்சி. சாளே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

துளசி செழித்தது. பூச்சி குறைந்தது, ஒழியவில்லை. ஒருநாள் காலையில் அண்ணாச்சி கோடாரிக்காரனோடு வந்துவிட்டார்.

அவன் மரத்தை நெருங்கியதும் பக்கத்து வீட்டு மராட்டிக்காரி சாந்தாபாய் கத்தினாள். "அரே, துளசி மாதா! சப்பல் நிகாலோ!"

அப்போதுதான் கவனித்தேன், செடிகளுக்கு அவள் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். கோடாரிக்காரன் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, ஒதுங்கி நின்றுகொண்டான்.

"செடியப் பிடுங்கி எறில!" என்று அண்ணாச்சி என்மேல் பாய்ந்தார்.

வழக்கம்போலச் சிரித்து மழுப்பப் பார்த்தேன். வாய் அடங்கவில்லை.

"முடியாது அண்ணாச்சி. நீங்களே பிடுங்குங்க. சாமி கேட்டா ஒங்க பேரச் சொல்லுதேன்."

அவர் குனிந்தார். செடிவரை போன கை, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது.

அதுவரை யார் அதட்டினாலும் பல்லை இளித்தே பிழைத்தவன் நான். முடியாது என்று சொன்ன பிறகும் மனுஷன் உயிரோடு இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் கொய்யா காய்த்துத் தள்ளியது. அண்ணாச்சி வீட்டுக்கும் ஒரு கூடை கொடுத்தனுப்பினேன், பூச்சியைத் துடைக்காமல்.