பாலக்காடா, கோயம்புத்தூரா? வீல்செயரில் இருந்து பார்த்த ஒன்பது நாள்

1. இரண்டு பக்கமும் இல்லாத ஆள்

நான் வேலை செய்த ஆபிஸ் லண்டனின் ஹரோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. லண்டனில் முப்பது, நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் தென்னிந்தியாவுக்குத் திரும்பிப் போக நினைத்தால் எங்களிடம் வருவார்கள். வீடு பார்ப்பது, இந்தியாவில் நிரந்தரமாகத் தங்க ஓசிஐ பேப்பர், சாமான் அனுப்பக் கண்டெய்னர், கஸ்டம்ஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு. இவை எல்லாவற்றையும் விடச் சிக்கலான வேலை, எந்த மாநிலத்துக்குப் போவது என்று அவர்கள் முடிவெடுக்க உதவுவதுதான். அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

இண்டர்வியூவிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் யாழ்ப்பாணம். இந்தியாவிலை இருந்தது, விசாவுக்காகச் சென்னையிலை காத்திருந்த ஏழு மாசம்தான்."

மனேஜர் குகன் அண்ணையும் யாழ்ப்பாணத்தவர். சிரித்தார். "அதுதான் எனக்கு வேணும். தமிழ்நாட்டு ஆளை இந்தக் கதிரையிலை இருத்தினால் கேரளாக்காரர் நம்பமாட்டினம். கேரளா ஆளை இருத்தினால் தமிழ்நாட்டுக்காரர் நம்பமாட்டினம். நீங்கள் இரண்டு பக்கமும் இல்லாத ஆள், ரஞ்சினி."

அது ஒரு பெரிய தகுதி என்று நானும் நம்பினேன். எந்த ஊருக்கும் பாசம் காட்டாமல் அட்டவணை போட்டுக் கொடுப்பதில் எனக்குப் பெயர் கிடைத்தது. பதினோராவது வருடம் தெய்வானை என்ற ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும் வரைக்கும் அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

2. முப்பத்துநாலு வரி

மாதவன் பாலக்காட்டுக்காரர். அண்டர்கிரவுண்ட் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி தெய்வானை கோயம்புத்தூர். ஹரோவில் ஒரு ஸ்கூல் லேபில் டெக்னீஷியனாக இருந்தவர். முதுகெலும்பில் ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. நாலு வருடமாக மின்சார வீல்செயர்.

பாலக்காடும் கோயம்புத்தூரும் இரண்டு மாநிலங்கள் என்றாலும் இடையில் ஒன்றரை மணி நேர ரோடுதான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு குடும்பமும் சண்டை பிடித்தன. மாதவனின் அண்ணன் பாலக்காட்டிலிருந்து எங்கள் ஆபிஸுக்கே போன் எடுத்தார். "என் வீட்டுக் கீழ்ப்பகுதி முழுக்க காலி. பச்சைப் பசேல்னு இருக்கும். கோயம்புத்தூர்ல டிராஃபிக்தான் இருக்கு." அடுத்த நாள் தெய்வானையின் தங்கை எடுத்தார். "கேரளாவுல ஆறு மாசம் மழைங்க. எப்பப் பாத்தாலும் ஸ்ட்ரைக்குங்க. எங்க அபார்ட்மெண்ட்லயே ஒரு ஃப்ளாட் காலியா இருக்குதுங்க, லிஃப்ட் இருக்குது."

ஹரோ வீடு விற்றாகிவிட்டது. சாவி கொடுக்கப் பத்து வாரம் இருந்தது. நான் முப்பத்துநாலு வரியில் அட்டவணை போட்டேன். ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, வெயில், மழை, கரண்ட், தண்ணீர், வீட்டு வேலைக்கு ஆள், பேசும் மொழி. ஏர்போர்ட்டிலும் பெரிய ஆஸ்பத்திரியிலும் கோயம்புத்தூர் முன்னுக்கு நின்றது. வீட்டுக்கே நர்ஸ் வருவதில் பாலக்காடு முன்னுக்கு நின்றது. மொத்தத்தில் கிட்டத்தட்டச் சமம்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாதவன் வரி வரியாகக் கேள்வி கேட்டார். தெய்வானை கடைசிவரை வாசித்துவிட்டுப் பேப்பரை மடியில் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"குளிருக்குக் கோட்டைப் போடுங்க, வெளிய போய்ட்டு வரலாம்" என்றார்.

நானும் அவரும் மட்டும் போனோம். பஸ் ஸ்டாப்பில் அவர் கை காட்டினார். நடுக் கதவடியில் ரேம்ப் என்ற சரிவுப் பலகை வெளியே வந்தது. ஏறி, செயரைத் திருப்பி நிறுத்திக்கொண்டார். லைப்ரரியில் இறங்கினார். இரண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்று எடுத்தார். பார்மசியில் மருந்து வாங்கினார். கீரைக் கட்டு ஒன்றைப் பார்த்து, வாடியிருக்கிறது என்று கடைக்காரரிடம் குறை சொல்லி, வேறு வாங்கினார். இரண்டு மணி நேரம். என்னிடம் அவர் ஒரு உதவியும் கேட்கவில்லை. நான்தான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்ததும் சொன்னார்: "வாரத்துல நாலு நாள் இப்படிப் போறேனுங்க, தனியா. அங்க போனா இது முடியுமா? எனக்கு இருக்கறது இந்த ஒரு கேள்விதான்."

மாதவன் அவசரமாகக் குறுக்கிட்டார். "அங்கே நீ எதுக்குத் தனியா போகணும்? ரெண்டு பேரை வேலைக்கு வைப்போம். கார், டிரைவர் இருக்கும். ராணி மாதிரி உட்கார்ந்திருக்கலாம்."

"அதானுங்க எனக்குப் பயம்" என்றார் தெய்வானை. கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூன்று மாதமாக நான் கதைத்ததெல்லாம் மாதவனிடமும் அண்ணனிடமும் தங்கையிடமும்தான். போய் இருக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. வெள்ளோட்டம்

நானே போய் இரண்டு ஊர் ரோட்டையும் வீல்செயரில் இருந்து பார்க்கிறேன் என்ற என் யோசனை குகன் அண்ணைக்குப் பிடிக்கவில்லை.

"எங்கடை வேலை சாமான் அனுப்புறது. ரோட்டை அளக்கிறதில்லை."

"அண்ணை, பிழையான இடத்துக்கு அவவை அனுப்பினால் அவ வீட்டுக்குள்ளையே இருந்து முடிஞ்சு போவா. எனக்கு லீவு இருக்கு. நான் போறன்."

லீவுக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "சரி, போங்கோ. ஆனால் விழுந்து கையைக் காலை உடைச்சுப்போட்டு வராதேங்கோ."

கோயம்புத்தூரில் மெடிக்கல் சாமான் வாடகைக்கு விடும் கடையில், தெய்வானையுடையதைப் போல நூறு கிலோவுக்கு மேல் பாரமான மின்சார வீல்செயர் ஒன்றை எடுத்தேன். அதை ஏற்ற ஒரு வேனும் பிடித்தேன். நான் வைத்த விதி ஒன்றுதான்: வீட்டு வாசலில் செயரில் ஏறினால் பார்மசிக்கும் மரக்கறிக் கடைக்கும் போய்த் திரும்பி வரும்வரை எழும்பக் கூடாது, எவரையும் தள்ள விடக் கூடாது.

முதலில் தங்கையின் அபார்ட்மெண்ட். லிஃப்ட் நல்லது. உள்ளே வழவழப்பான பாதை. கேட் வரைக்கும் ராஜபாட்டை. கேட்டைத் தாண்டினால் தார் ரோடு ஒரு சாண் கீழே இருந்தது. நடைபாதை இல்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்க வாட்ச்மேன் ஓடி வந்தார். "அம்மா, வெளிய போகாதீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, நானே வாங்கியாந்து தர்றேன்." பாவம், நல்ல மனுஷன். அவருடைய அன்பைப் பார்த்ததும் தெய்வானை எதற்குப் பயந்தார் என்று எனக்கு முழுதாக விளங்கியது.

இரண்டாவது நாள் பாலக்காடு. மாதவனின் அண்ணன் வீட்டு வாசலில் ஏழு வெட்டுக்கல் படிகள். அவர் பலகை போட்டு ரேம்ப் செய்து வைத்திருந்தார். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். சரிவுதான் அளவுக்கு மீறியிருந்தது. பாதி ஏறியதும் முன் சக்கரம் தூக்கியது. செயர் பின்னால் வழுக்கி, என்னையும் கொண்டு வாழைக்குள் போய் விழுந்தது. முழங்கை தோல் உரிந்தது.

அன்று காயத்துக்கு மருந்து போட்டவர் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்க வந்திருந்த நர்ஸ். படுக்கையில் இருப்பவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. பாலக்காட்டில் பலரைப் போல அவரும் தமிழ் பேசினார். நான் ஏன் வீல்செயரில் திரிகிறேன் என்று கேட்டவர், கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சேச்சி, எல்லாரும் வீட்டைப் பார்க்கறாங்க. ரேம்ப் போட்டு வீட்டைச் சரி பண்ணலாம். ரோட்டை நீங்க சரி பண்ண முடியாது. ரோட்டைப் பாருங்க முதல்ல."

கையோடு ஐந்து தெருக்களின் பெயரை எழுதித் தந்தார்.

அதற்குப் பிறகு நான் வீடு பார்க்கவில்லை. ஒன்பது நாளில் மிஞ்சிய ஏழு நாளும் இரண்டு ஊரிலும் தெருதான் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு ஏறினால் வெயில் ஏறும்வரை, பிறகு நாலு மணியிலிருந்து விளக்குப் போடும்வரை. பத்தொன்பது தெரு. சிலதில் பத்து மீட்டர்கூடப் போக முடியவில்லை. சிலதில் ஆட்கள் கேட்காமலே செயரைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு பெண்மணி என் மடியில் பழம் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லப் பழகவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

கடைசியில், வாடகைக்கு வீடும் கிடைக்கக்கூடிய இரண்டு தெரு மிஞ்சியது. கோயம்புத்தூரில் ஒன்று, அகலமான நடைபாதை, நல்ல கடைகள். ஆனால் மாலையானால் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள். பாலக்காட்டில் டவுனுக்குள் ஒன்று, சமதரையான பழைய தெரு. வாகனம் குறைவு, கடைகள் ரோட்டு மட்டத்திலேயே. முனையில் ஒரு சின்ன வாசகசாலை. நர்ஸ் வரும் வட்டாரம். குறை என்றால், பார்மசிக்கு ஒரு படி, வழியில் ஒரு இடத்தில் சாக்கடைக் கானின் மூடிக்கல் உடைந்திருந்தது.

4. டிரைவரின் கண்

இரண்டு தெருவையும் செயரில் இருந்தபடியே வீடியோ எடுத்து அனுப்பினேன். அன்றைக்கே மாதவன் கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"எங்க அண்ணன் சொந்தக் கையாலே ரேம்ப் போட்டிருக்கார். அதை விட்டுட்டு வாடகை வீடா?"

"அந்த ரேம்பிலைதான் நான் விழுந்தனான். முழங்கையிலை காயம் இன்னும் ஆறேல்லை."

அவர் டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"விழுந்தீங்களா?" என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது. "அவள் அதுலே போயிருந்தா?"

"ஓம். அதுக்காகத்தான் நான் முதல் போனனான்."

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அந்தப் பார்மசிப் படி எத்தனை இன்ச்?"

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். இருபத்தாறு வருடம் ரயிலுக்கும் பிளாட்ஃபார்முக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துப் பழகிய கண். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "ரஞ்சினி, கோயம்புத்தூர் வீடியோலே ரெண்டாம் நிமிஷத்துலே நடைபாதையிலே ஒரு ஜாயிண்ட் இருக்கு. முன் வீல் மாட்டும். நாளைக்கு அதைக் கிட்டப் போய் எடுங்க." போய்ப் பார்த்தேன். மாட்டியது. "மழை பெய்யறப்போ எடுங்க." மழைக்கு ஒரு நாள் காத்திருந்து எடுத்தேன். பாலக்காட்டுத் தெருவில் தண்ணீர் தேங்கவில்லை.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் தெய்வானையிடம் போனைக் கொடுத்தார். "நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

தெய்வானை கோயம்புத்தூர்ப் பெண். அவர் சொன்னார்: "பாலக்காடுங்க. அந்த வாசகசாலைத் தெரு."

தங்கை அழுதார். அண்ணன் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெய்வானையே பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்த அண்ணனே கொத்தனாரைக் கூட்டிப்போய், தெருக்காரரோடு பேசி உடைந்த மூடியை மாற்ற வைத்தார். பார்மசிக்காரர் தன் படிக்குச் சரியான சரிவில் சிமெண்ட் ரேம்ப் போட்டுக்கொண்டார். "வயசானவங்க எல்லாருக்கும் உதவும்" என்று நர்ஸிடம் சொன்னாராம். தங்கை வெள்ளிக்கிழமை தோறும் வருவதென்று முடிவானது.

5. வியாழக்கிழமை போன்

அவர்கள் போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம். காலை, ஆபிஸ் முழுக்க ஆட்கள். எனக்கு வாட்ஸ்அப் கால் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரஞ்சினிங்களா? தெய்வானை பேசறேனுங்க. இன்னைக்கு நான் மட்டும் போனேன். பார்மசி, காய் கடை, வாசகசாலை. போய்ட்டு வந்துட்டேன்."

"தனியாவோ?"

"தனியாங்க! மூணு பேரு தள்ள வந்தாங்க. மூணு பேத்துக்கும் வேண்டாமுங்கன்னு சொல்லிப்போட்டேன். அவரு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. திரும்பி வந்தப்பவும் அங்கேயே நிக்கறாரு. காப்பி வைக்கச் சொல்லி உள்ள அனுப்பியிருக்கறேன்."

பின்னால் மாதவன் சிரிப்பது கேட்டது. எங்கள் ஆபிஸில் ஷிப்பிங் பிரிவுப் பிள்ளைகள் எழும்பி நின்று கை தட்டினார்கள். குகன் அண்ணை தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ரஞ்சினி," என்றார், "இனி எங்களிட்டை வாற ஒவ்வொரு ஆளுக்கும் இப்பிடித்தான் பாக்கவேணும். எங்கடை ஆளை அங்கை அனுப்பிப் பாப்பம். ஒழுங்கு செய்யுங்கோ."

அப்படித்தான் செய்தோம். கண் தெரியாத ஒருவருக்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு மைசூரில் நடந்திருக்கிறேன். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மாவுக்காக, வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் என்று ஒரு வாரம் திருவனந்தபுரத்தில் இருந்திருக்கிறேன். லண்டனின் மற்ற மூலைகளான லூயிஷாமிலிருந்தும் சவுத்தாலிலிருந்தும் ஆட்கள் ஹரோவுக்கு வந்து எங்களைத் தேடினார்கள். நான் ஓய்வு பெற்ற நாளன்று அந்தப் பிரிவில் ஆறு பேர் வேலை செய்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த மாநிலம் நல்லது என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு ஒரு அட்டவணை கட்டாயம் வேண்டும். நானும் கடைசி நாள் வரை போட்டேன். ஆனால் முதல் சந்திப்பில் அந்த வீட்டில் குறைவாகக் கதைக்கிற ஆள் எவரென்று பாருங்கள். அவரிடம் ஒரு சாதாரண நாளைக் காட்டச் சொல்லுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போங்கள்.