சிவப்பு நாட்டு நெல்

ஸ்கூட்டி வீட்டுக்கு வந்த அன்று வாப்பா ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்.

"ஒருக்கா விழுந்தாலும் சாவி எனக்கிட்ட வந்திரணும்."

"ஓம் வாப்பா" என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போய், விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலையும் எடுத்தேன். நிந்தவூரில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஸ்கூட்டியில் கந்தோருக்குப் போகும் முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இரண்டு பஸ் மாறி, வேர்த்து வழிந்து போன மாதங்களுக்குத் திரும்பிப் போகவும் விருப்பமில்லை.

அது பெரும்போக அறுவடைக் காலம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீதிகள் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. சூடான தாரில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்துவிடுவார்கள். 'வீதியில் நெல் காயப்போட வேண்டாம்' என்ற அறிவித்தல் எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. அதை எழுதியவள் நான். எங்கள் வாசலுக்கு முன்னால் வாப்பாவின் நெல்லும் வீதியில்தான் காய்ந்தது. அதைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை.

அன்று காலை கந்தோருக்குப் போகும் வழியில், காரைதீவு தாண்டி வயல்வெளிக்குள் போய்க்கொண்டிருந்தேன். எதிரே, பின்னால் இழுத்த பெட்டி நிறைய வைக்கோலுடன் ஓர் உழவு இயந்திரம் வந்தது. ஒதுங்க இடமில்லை. இரண்டு கற்களுக்கு நடுவே நெல்லுக்குள் இறங்கி, பிரேக்கைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது. நெல் டயருக்கடியில் உருண்டது. ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார்.

"ஐயோ தங்கச்சி! கை கால் அசையுதா?"

"அசையுது அண்ணன்."

முழங்காலில் தோல் மட்டும் போயிருந்தது. ஸ்கூட்டியை நிமிர்த்தித் தந்தபோதுதான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"கந்தோர்ல நோட்டீஸ் ஒட்டின பிள்ளையெல்லோ நீங்க?"

"ஓம்."

"வாசிச்சா எங்களுக்கு விளங்காதெண்டு விழுந்து காட்டுறீங்களோ?"

எரிச்சலையும் மறந்து சிரித்துவிட்டேன். அவருக்கு வாப்பாவைத் தெரியும். இருவரும் ஒரே மில்லுக்கு நெல் கொடுப்பவர்கள்.

"அண்ணன், எங்கட வாப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க. சாவிய வாங்கிருவார்."

"நீங்க கந்தோர்ல கதைக்காதீங்க. நானும் வாப்பாட்ட கதைக்க மாட்டன்."

ஒப்பந்தம் முடிந்தது. பிந்தி வருவோரைப் பிடிக்க வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறுவதற்கு முன் கையொப்பம் வைத்துவிட்டேன். நாள் முழுக்க நொண்டாமல் நடக்கப் பழகினேன்.

பின்னேரம், கழுவுவதற்காக உம்மா என் ஹபாயாவை முற்றத்தில் உதறினார். தையல் விட்டிருந்த கீழ் மடிப்பிலிருந்து நெல் கொட்டியது. வாப்பா ஒன்றை எடுத்துப் பல்லால் உரித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நாம வெச்சது சம்பா. இது சிவப்பு நாடு, வேற ஆக்கள்ற நெல். எங்க விழுந்த மகள்?"

"விழுந்தாளா? யா அல்லாஹ்!" என்றார் உம்மா.

வாப்பா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"நான் வேகத்துல விழல்ல வாப்பா. நெல்லுல வழுக்கித்தான் விழுந்த. நம்மட வாசல்லயும் அப்பிடித்தானே கிடக்கு? நாளைக்கு ஆர்ர மகள் அதுல விழுவாளோ."

"நல்லாக் கதைக்கப் படிச்சிருக்காய்."

"படிக்க வெச்சது நீங்கதானே?"

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வாப்பா சாவியோடு வெளியே போனார். அன்றிரவு சாவி திரும்பி வரவில்லை. நான் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது. வாசலில் வாப்பா கற்களைப் பொறுக்கி வேலியோரம் போட்டுக்கொண்டிருந்தார். நெல் முழுவதும் முற்றத்தில் விரித்த படங்குச் சீலையின் மேல் கிடந்தது.

"என்ன பார்க்காய்? போ. கோடு கீறிருவானுகள்."

எங்கள் வாசலைத் தாண்டும்வரை முழு வீதியும் எனக்குக் கிடைத்தது.

முற்றத்தில் தென்னை நிழல் விழும். நெல் காய இரண்டு நாள் கூடுதலாக எடுத்தது. அந்த இரண்டு நாளும், என் காதில் விழும்படியாகவே, வாப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.