நாலு பேருக்குக் கட்டிய தொட்டி

திருப்பதியில் சொந்த வீடு வைத்திருப்பதைப் போல ஒரு தொந்தரவு உலகத்தில் இல்லை என்று நான் சொன்னால் வசுமதி மாமி காதைப் பொத்திக்கொள்வாள். எதிர் வீட்டிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் குடியாத்தத்துக்காரி. பேங்க் வேலைக்கு இங்கே வந்து இங்கேயே தங்கிவிட்டேன். தரிசனத்துக்கு வருகிற என் சொந்தக்காரர்களுக்கு நானே லாட்ஜில் ரூம் போட்டு, அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். மாமிக்கு அந்த சாமர்த்தியம் வந்ததே இல்லை.

மாமிக்கு அறுபத்து மூன்று வயது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் வெங்கடராகவன் கோயில் மடப்பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை கௌஸ்துப் கனடாவில் இருக்கிறான். ஆக, அந்த வீட்டில் மொத்தமே இரண்டு பேர். ஆனால் வாசலில் எந்த நாளும் பத்து ஜோடி செருப்பாவது கிடக்கும். மாமாவின் சித்தப்பா வழி, மாமியின் அத்தை வழி, அவர்களுக்குச் சம்பந்தி வழி என்று தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அந்த வீடு "திருப்பதி ஆம்". மாமிக்கு "திருப்பதி மன்னி" என்று பெயர். அந்தப் பெயரை யாராவது சொன்னால் மாமியின் முகமே மாறிவிடும். அதற்காகவே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லிக்கு அடுப்பு மூட்டுவாள்.

வருகிறவர்களும் சும்மா வருவதில்லை, ஆசாரத்தோடு வருவார்கள். மலைக்குக் கிளம்புமுன் ஒரு குளியல், திரும்பி வந்து ஒரு குளியல், மடி வேஷ்டி நனைக்க இரண்டு பக்கெட். அத்தனை தண்ணீரும் வீட்டின் பின்னால் இருந்த செப்டிக் டேங்கில்தான் போய் விழுந்தது. தொண்ணூற்றாறில் மாமா, மாமி, மாமியார், பிள்ளை என்று நாலு பேரை மனதில் வைத்துக் கட்டிய தொட்டி அது. இது போதாதென்று, மாமி தினமும் காலையிலும் சாயங்காலமும் கக்கூஸில் பினாயில் ஊற்றுவாள், வெள்ளிக்கிழமை ஆசிட். சுத்தத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை அந்தத் தொட்டி போதும் என்று சொல்லிவிட்டது. குளியலறை சல்லடையில் தண்ணீர் இறங்காமல் நின்றது, பிறகு எதிர்த்திசையில் வர ஆரம்பித்தது. என்ன வந்தது என்று நான் எழுதவில்லை. மாமி புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் அப்படித் தெருவைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய கவலை நாற்றம் அல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமாவின் தங்கை காஞ்சனா திருவல்லிக்கேணியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பதினாலு பேரோடு வருகிறாள். புரட்டாசி சனிக்கிழமைக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தவறாமல் வருகிறவள்.

நான் ரேணிகுண்டாவில் டேங்கர் லாரி வைத்திருக்கும் வேங்கடாசலத்துக்குப் போன் போட்டேன். பாலசமுத்திரத்துக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு. மத்தியானமே வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூடி எங்க சாமி?"

மாமா தலையைச் சொறிந்தார். கௌஸ்துப் கல்யாணத்தின்போது பின்கட்டு முழுவதும் டைல்ஸ் போட்டார்கள், பந்தி உட்கார வசதியாக. மூடியும் அதற்குக் கீழே போய்விட்டது. அது எந்த இடம் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வேங்கடாசலம் ஒரு கம்பியை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. நட்டநடு இடம். பதினோரு வருஷமாக விருந்தாளிகளுக்கு இலை போட்டுப் பரிமாறின இடம்.

"ராமா," என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மாமி ஜன்மத்துக்கும் பேசமாட்டாள் என்று உள்ளே போய்விட்டேன்.

டைல்ஸை உடைத்து மூடியைத் தூக்கினதும் வேங்கடாசலம் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நீளமான கழியை விட்டு ஆழம் பார்த்தார். "முக்காவாசி சேறு. மூணு வருசத்துக்கு ஒருதபா எடுக்கணும் மாமி. நீங்க எடுக்கல. சேறு ஏறி ஏறி, தண்ணிகூட கசண்டும் அந்தாண்ட உறிஞ்சு குழிக்குப் போய்க்கினு இருந்திருக்குது. குழி அடஞ்சிபோச்சி. இனிமே அது தண்ணி குடிக்காது."

"தினம் பினாயில் விடறேனே," என்றாள் மாமி, அழாத குறையாக.

"அதான் தப்பு. அழுக்கத் துன்ற கிருமிங்கோ உள்ள இருக்குதுங்க. நீங்க டெய்லி மருந்து ஊத்தி அதுங்கள சாவடிச்சிட்டீங்கோ. அப்புறம் யாரு துன்றது?"

அடியில் கெட்டியாகிப்போன சேற்றை லாரிக் குழாய் இழுக்கவில்லை. அவசரத்தில் மாமா, ஓர் ஆளை உள்ளே இறக்கிச் சுரண்டிவிடலாமா என்று கேட்டுவிட்டார். வேங்கடாசலம் குரலை உயர்த்தவில்லை. "ஆள எறக்க மாட்டேன் சாமி. உள்ள காத்து கெடயாது, விஷம்தான். எங்க ஊர்ல ஒருத்தன் போனான், அவனத் தூக்கப் போன அண்ணனும் போனான். சட்டமும் ஒத்துக்காது, நானும் ஒத்துக்க மாட்டேன்." மாமா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பெரிய மனுஷர், தப்பென்று தெரிந்ததும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்துக் கரைத்து இழுத்தார்கள். அடியில் கொஞ்சம் சேற்றை வேண்டுமென்றே விட்டார் வேங்கடாசலம். கிருமி மறுபடி வளர அது வேண்டுமாம்.

போகும்போது கணக்காகச் சொன்னார். "புதுசா குழி வெட்டணும், பத்து நாளாவும். குளிக்கற தண்ணிய தனியா தென்னமரத்துக்குத் திருப்பிடலாம். அதுவரிக்கும் நீங்க ரெண்டு பேருன்னா தொட்டி தாங்கும். பதினாலு பேரு வந்தா ரெண்டே நாளு, மறுபடி ஊட்டுக்குள்ள வந்துடும்."

அன்று இரவு அவர்கள் வீட்டில் சமையலே இல்லை. நான் கொண்டுபோன உப்புமாவையும் தொடாமல் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது தீட்டுன்னு சொல்லிடேன்," என்றார் மாமா.

"யாரு போய்ட்டான்னு கேப்பா. உங்க தங்கைதானே, அவளுக்கும் தீட்டு உண்டே. அப்புறம் அவ மலைக்கே போக முடியாது. யாரைச் சாகடிக்கப் போறேள்?"

"சரி, எனக்கு ஜுரம்னு சொல்லு."

"அண்ணாவுக்கு ஜுரமான்னு பாத்துக்கறதுக்கு இன்னும் ரெண்டு பேர் சேந்து வருவா."

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். தங்கையிடம் வராதே என்று சொல்ல அவர் வாய் எழாது. அந்த வேலை மாமி தலையில் விழுந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குளியலறையில் குளித்துவிட்டு, எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து மாமி போன் போட்டாள். பொய் எதுவும் சொல்லவில்லை.

"காஞ்சனா, நம்மாத்துல கக்கூஸ் தொட்டி ரொம்பி மேல வந்துடுத்து. பத்து நாளைக்கு யாரையும் வெச்சுக்க முடியாது. நீங்கள்லாம் லாட்ஜ்ல தங்கிக்கோங்கோ."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "சரி மன்னி," என்று மட்டும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

மாமி அழுதாள். "இனிமே வரமாட்டா. கோவிச்சுண்டுட்டா. பிள்ளை கனடாவுல இருக்கான். இவாளும் வரலைன்னா இந்தாத்துக்கு யாரு வருவா? நானும் இவரும் மொகத்த மொகம் பாத்துண்டு கெடக்க வேண்டியதுதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாப்பிட்டாயா என்று ஒரு நாள் கேட்டிருப்பார்களா அந்தப் பதினாலு பேரும் என்று கேட்க நினைத்தேன். அவள் அழுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை. பின்கட்டில் வேங்கடாசலம் அழைத்து வந்த மேஸ்திரி புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் மாமி நிறையப் புளியோதரை பண்ணிவிட்டாள். வாசலைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று லீவு, துணைக்குப் போயிருந்தேன். பதினோரு மணி ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை. "தரிசனம் முடிஞ்சிருக்கும். நேரா ஊருக்குப் போயிருப்பா," என்றாள் மாமி.

பன்னிரண்டரைக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. காஞ்சனா இறங்கினாள், தனியாக. நெற்றியில் மலைக் குங்குமம், கையில் பிரசாதப் பை. மாமி எழுந்து நின்றாள்.

"கோவமா?" என்று கேட்டாள் மாமி.

காஞ்சனா உள்ளே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "மன்னி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது. நீங்கோ போன்ல அப்படிச் சொன்னதும் எனக்கு சந்தோஷத்துல பேச்சே வரலை."

மாமி அவளையே பார்த்தாள்.

"எனக்குக் கீழ படுத்தா முட்டி மடங்க மாட்டேங்கறது. என் மாட்டுப்பொண் ஸ்ரீஜா விடியகாலம் மூணு மணிக்கே பாத்ரூமுக்கு வரிசையில நிக்கறா. வருஷா வருஷம் லாட்ஜ்னு சொல்ல வாயெடுப்பேன். மன்னி மனசு நோகுமேன்னு முழுங்கிடுவேன். இந்த வருஷம்தான் எல்லாரும் கட்டில்ல படுத்துத் தூங்கினோம்."

மாமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இருபத்தெட்டு வருஷம்டி," என்றாள். "நாலு மணிக்கு எழுந்தேன். ஒரு வருஷம் ஜுரத்தோட அரைச்சேன். ஒருத்தியாவது சொல்லப்படாதா?"

"நீங்களாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே மன்னி."

மாமி உட்கார்ந்தாள், சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். காஞ்சனா தானே சமையல் உள்ளுக்குப் போய், இரண்டு தட்டில் புளியோதரை போட்டுக்கொண்டு வந்து, ஒன்றை மாமியின் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் மாமி உட்கார்ந்திருக்க வேறொருத்தி பரிமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமியும் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு பேரும் யார் யாருக்கோ கல்யாணம், யார் யாருக்கோ சர்க்கரை வியாதி என்று சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நாலு மணி வாக்கில் காஞ்சனா தயங்கித் தயங்கி எழுந்தாள். "மன்னி, ஆட்டோ பிடிச்சு லாட்ஜுக்குப் போய்ட்டு வந்துடட்டுமா? பத்து நிமிஷம்தான். உங்க தொட்டி..."

"போடி அசடு," என்றாள் மாமி. "நீ ஒருத்திதானே. உள்ள போய்ட்டு வா."