சாணத் தொட்டிப் பங்காளிகள்

எங்கள் கொல்லையில் இருந்த சாண எரிவாயுத் தொட்டிக்குள் எங்கள் பங்காளிகள் குடியிருக்கிறார்கள் என்று ஆறாம் வகுப்பில் நான் நம்பினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர்கள் கூண்டோடு செத்துவிட்டார்கள் என்றும் நம்பி, அத்தையை நிச்சயம் செய்ய வந்தவர்கள் நடுவில் போய் அதைச் சொல்லியும் விட்டேன்.

விதை போட்டவர் சித்தப்பா. காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை யார் தலையிலாவது இறக்கிவைக்காவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. எங்கள் ஊரான கூரத்தில் அதற்கு அகப்பட்டவன் நான் ஒருவன்தான். நான் தண்ணீர் ஊற்ற, அவர் சாணத்தைக் கழியால் கலக்கிக்கொண்டே பாடம் நடத்துவார்.

"உள்ள கேஸ் உண்டாக்குறது யாரு தெரியுமாடா? ஆர்க்கியா. பாக்கறதுக்கு பாக்டீரியா மாதிரியே இருக்கும். ரொம்ப நாளா ரெண்டையும் ஒரே வூட்டு ஆளுங்கன்னு சேத்து எழுதிக்கினு இருந்தாங்க. இப்பத்தான் தெரிஞ்சுது, அது வேற வம்சம். பாக்டீரியாவவிட நமக்குத்தான் அது கிட்ட."

"பாத்தா ஒண்ணாத்தானே இருக்குது, அப்புறம் எப்டி வேறன்னாங்க?"

"நாம பங்காளிய எப்டிக் கண்டுபுடிக்கிறோம்? மூக்கைப் பாத்தா? குலதெய்வம் எதுன்னு கேட்டுத்தானே? அதுமாதிரி எல்லா உயிருக்குள்ளயும் ரைபோசோம்னு ஒண்ணு இருக்குது. அதுல இருக்கற எழுத்தைப் படிச்சா யாருக்கு யார் பங்காளின்னு தெரிஞ்சிடும். நாம, மாடு, வேப்பமரம், காளான் எல்லாம் ஒரு வம்சம். பாக்டீரியா ஒரு வம்சம். ஆர்க்கியா ஒரு வம்சம். அதுல நமக்குப் பங்காளி ஆர்க்கியாதான்."

அவர் உதாரணத்துக்குச் சொன்னார். நான் உறவுமுறையாக எடுத்துக்கொண்டேன்.

பங்காளி செத்தால் என்ன ஆகும் என்பது அந்த வருஷம்தான் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், நாங்கள் முகமே பார்த்திராத ஒரு பங்காளி எங்கேயோ செத்துப்போக, எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. வாங்கி வைத்த வெடி பரணுக்குப் போனது. அவரை நமக்குத் தெரியவே தெரியாதே என்று அழுது பார்த்தேன். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, பங்காளி என்றால் தீட்டுதான் என்று அப்பா முடித்துவிட்டார்.

தை மாதம் அத்தைக்கு நிச்சயம் வைத்தார்கள். அன்று காலை, வருகிறவர்களுக்கு மாட்டுக்கொட்டகை நாறக் கூடாதென்று அம்மா பினாயில் ஊற்றிக் கழுவினாள். கழுவின தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போனது. கொஞ்ச நேரத்தில், தொட்டி கேஸில் எரிகிற சமையலறை அடுப்பு அணைந்தது. சித்தப்பா வந்து தொட்டியடியில் மோந்து பார்த்தார்.

"போச்சு அண்ணி. உள்ள ஒண்ணு விடாம செத்துப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போய்விட்டார். அம்மா விறகடுப்பை மூட்டினாள்.

கையும் காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத ஒருவருக்கே தீபாவளி போயிற்று; இங்கே கோடிக்கணக்கில் செத்துக் கிடக்கிறார்கள், அப்பா வாசலில் மாவிலை கட்டுகிறார். கிணற்றடிக்கு ஓடிச் சட்டையோடு தலைமுழுகினேன். ஈரத்தோடு ஓடிவந்து "அம்மா, தீட்டும்மா" என்றேன்.

"எதைத் தொட்டுத் தொலைச்ச? போய் வெத்தலைய தொடச்சு அடுக்கு, போ."

தீட்டுக் கையோடு வெற்றிலையை எப்படித் தொடுவது? மறுபடி கிணற்றடி. சொன்னால் நிச்சயம் நின்றுவிடும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அத்தை கண்ணாடி பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள். சொல்லாவிட்டால், தீட்டோடு தட்டு மாற்றின பாவம் அத்தை தலையில் விடியும். இந்த யோசனையில் கொல்லைக்கும் வாசலுக்குமாக நான் அலைந்த அலைச்சலில், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். அவருடைய அப்பா தட்டைக் கையில் எடுத்தபோது என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மாத்தாதீங்க. எங்க வூட்ல சாவு."

தட்டு அந்தரத்தில் நின்றது. "யாருப்பா? எப்போ?" என்றார் பெரியவர்.

"பங்காளிங்க. காலைலதான். எல்லாருமே."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றிலும் சேராத நாலாவது வம்சமாக ஆகிப்போனேன். சித்தப்பா குறுக்கே பாய்ந்து, தொட்டி, பினாயில், ஆர்க்கியா என்று விளக்கினார். பெரியவர் முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படிப்பு விடுமா?

"எங்களுக்கு மட்டும் இல்லீங்க, உங்களுக்கும் அது பங்காளிதான்" என்றார்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு வூடும் பங்காளின்றீங்க. பங்காளியில போய் யார்னா பொண்ணு எடுப்பாங்களாபா?"

"மொதல்ல அது செத்துச்சான்னு பாத்துடலாம்" என்று சித்தப்பா எழுந்து கொல்லைக்கு நடந்தார். மாப்பிள்ளையும் கூடவே எழுந்துவிட்டார். பின்னால் நான்.

தொட்டியின் இரும்பு மூடி, கேஸ் நிறைந்து நன்றாக மேலே ஏறித்தான் நின்றது. காலையிலிருந்து ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. சித்தப்பா அசடு வழிந்தார்.

"கேஸ் இருக்குது. குழாயிலதான் தண்ணி நிக்குது போல. நீங்க உள்ள போய் அடுப்பு எரியுதான்னு பாருங்க மாப்ள."

மாப்பிள்ளை சமையலறைக்குப் போனார். சித்தப்பா குழாயின் அடியிலிருந்த மூடியைத் திருக, தண்ணீர் கொட்டியது. திரும்ப மூடிவிட்டு "எரியுதா?" என்று கத்தினார். இன்னொரு முறை கத்தினார்.

"டேய், நீ போய்ப் பாருடா."

ஓடினேன். அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அத்தை, அணைந்த தீக்குச்சியைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை மெதுவாக ஏதோ சொல்ல, அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி ஓடிவந்து உள்ளதைச் சொன்னேன்.

"எரியுது சித்தப்பா. ஆனா மாமா இன்னும் அடுப்பைப் பாக்கல."

பிறகு கூடத்துக்கு வந்த மாப்பிள்ளை, "தட்ட மாத்திக்கலாம்பா" என்றார்.

"பங்காளின்றாங்களேடா."

"இருக்கட்டும்பா."

தீட்டு இல்லை என்று தெரிந்துவிட்டதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது இவ்வளவுதான்: குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் நின்றிருந்தது. அது வெளியே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை சமையலறையிலிருந்து வெளியே வருவதற்குள், அவருக்கு ஊற்றி வைத்திருந்த காபியில் ஏடு கட்டிவிட்டது.