ஜெர்மனியில் ஓடிய எங்கள் வழக்கு

எண்பதுகளின் கடைசியில் மில்லுக்கு மெஷின் வாங்க அண்ணனும் நானும் ஜெர்மனி போனோம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா இருக்கும்போதே ராஜபாளையத்து மில்லில் பாகம் கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தனை நம்பி ஒருத்தன் விடமாட்டான் என்பதால்தான் சேர்ந்தே போனோம்.

மெஷின் கம்பெனிக்காரர் எங்களைப் பேர்போன பழைய நாடகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கிழட்டு ராஜா ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்ததும், வாங்கிக்கொண்ட மகள்கள் இருவரும் அவரைக் கொட்டுகிற மழையில் வெளியே தள்ளியதும் புரிந்தது.

பல மாதமாக என்னோடு பேசாத அண்ணன் அங்கேயே வாய் திறந்தான். "ஏலே, அந்தச் சின்னவ அப்படியே நீதாம்லே."

"பெரியவ மூஞ்சியப் பாத்தீரா? உம்ம மூஞ்சிதான்" என்றேன்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைக்கும்வரை சண்டை போட்டோம். மழையில் நின்ற கிழவரை இருவருமே பார்க்கவில்லை. அன்றைக்கு ராஜபாளையத்தில் எங்கள் அப்பா யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதும் இருவருக்குமே தெரியாது.