நூற்றுவர் தலைவனின் கவசம்

எங்கள் ஊர் பாஸ்காவில் பதினோரு வருஷம் நான்தான் நூற்றுவர் தலைவன். ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் பெரிய வெள்ளி சாயங்காலம் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம், அதுதான் பாஸ்கா. ரோமைப் படைத்தலைவனான நான் சிலுவையடியில் விறைப்பாக நிற்க வேண்டும். கடைசியில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். வசனம் ஒரு வரி, வேர்வை ஒரு படி. கவசம் என்ற பெயரில் என் மார்பில் கட்டிவிடுவது அட்டையில் ஒட்டிய தங்கத் தாள். நாடகம் முடிவதற்குள் அது என் வேர்வையில் ஊறிப் பனியனில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி அனிதா மேரி ஈஸ்டர் வரைக்கும் என் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே திட்டுவாள். தபாலாபீஸ் கவுண்டரில் நான் உட்கார்ந்தால் கொடுக்கிற தபால்தலையெல்லாம் மினுமினுக்கும்.

இந்த அவமானத்திலிருந்து என்னை மீட்டவள் பக்கத்து வீட்டு விண்ணரசி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், வழக்கம்போல என்னைப் பற்றி எழுதிவிட்டேன்.

விண்ணரசிக்கு நாடகச் சாமான் செய்வதில் பைத்தியம். பேதுரு மறுதலிக்கும்போது கூவும் சேவலை, சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்தால் வாய் திறக்கிற மாதிரி செய்தவள் அவள்தான். ஆனால் சாமான்கள் இருக்கும் பாஸ்கா அறையின் சாவி கமிட்டித் தலைவர் ஆரோக்கியசெல்வத்தின் இடுப்பில் தொங்கியது. எது செய்யலாம், எது வேண்டாம் என்பது சாவி வைத்திருப்பவர் முடிவு. பெண்பிள்ளைகள் அங்கி தைத்துக் கொடுக்கலாம், அறைக்குள் வரக்கூடாது. சேவலைக்கூட அவள் வாசலில் நின்றுதான் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஆத்திரம். எனக்கும்தான், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு வேலை அரியலூரில் ஒரு ஷெட்டில். சிமெண்ட் ஆலைகளில் ஒவ்வொரு மோட்டாருக்கும் வால்வுக்கும் நம்பர் போட்ட எவர்சில்வர் தகடு மாட்ட வேண்டும். லெப்பைக்குடிகாடு நைனா முகமது பாய், துபாயிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்த பழைய லேசர் மிஷினில் அந்த நம்பர்களைப் பொறித்துக் கொடுத்தார். ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் படித்த விண்ணரசி அதை ஓட்டினாள்.

2005இல் ஒருநாள் அவள் வேகத்துக்கான எண்ணில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டாள். ஒளி ஊர்ந்து ஊர்ந்து போனது. தகடு வெளியே வந்தபோது நம்பரைச் சுற்றி நீலமும் ஊதாவும்.

"கருப்புல நம்பர் கேட்டா மயில் கழுத்து மாதிரி குடுத்திருக்கியே, புள்ள!" என்று பாய் கத்தினார்.

திட்டு வாங்கிய கையோடு அந்தத் தகட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எவர்சில்வரை லேசரால் பக்குவமாகச் சுட்டால், பால்மேல் ஆடை படர்வதுபோல அதன்மேல் ஒரு மெல்லிய தோல் படரும். அதன் கனத்தைப் பொறுத்துப் பொன்னாகவோ செம்பாகவோ நீலமாகவோ தெரியும். பெயிண்ட் ஒரு சொட்டு கிடையாது. இதை அவள் ஒன்றரை வருஷம் கழிவுத் தகடுகளில் சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடித்தாள். தலையைத் தொட்ட விரலால் தகட்டைத் தொட்டால் தேங்காயெண்ணெய் பட்ட இடம் திட்டாகிவிடும். வயல் மோட்டார்களுக்கு மும்முனைக் கரண்ட் விடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, பொன் வர வேண்டிய இடத்தில் சாணி நிறம் வரும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள்.

2006 டிசம்பரில் பாஸ்கா கூட்டம். இனி உடுப்பு, கவசம் எல்லாம் திருச்சியில் வாடகைக்கு எடுப்போம் என்றார் ஆரோக்கியசெல்வம். வாசற்படியில் நின்ற விண்ணரசி, "நூற்றுவர் தலைவன் கவசத்த நான் செய்யிறேன் மாமா. எவர்சில்வர்லயே கலர் வர வைக்கிறேன். செபஸ்டின் அண்ணன் வேர்வை பட்டாலும் போவாது" என்றாள்.

என் வேர்வையைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேசியாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

"போவலன்னா சாவி உன் கையில. போச்சுன்னா இந்த அறைப் பக்கமே நீ வரக்கூடாது. சம்மதமா?" என்றார் அவர்.

"சம்மதம்" என்றாள். யோசிக்கவேயில்லை.

அந்த மிஷின் ஒரு சாண் அகலத்துக்குமேல் சுடாது. அதனால் மீன் செதிலைப்போலத் தகடுகளை அடுக்கிக் கவசம் செய்யத் திட்டமிட்டாள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு தகடுகள். ஒன்றுக்கு எட்டு நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கழிவுத் தகடுகளைச் சுட்டுக்கொள்ள பாய் அனுமதித்தார். ஒரு நாளைக்கு மூன்று. பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது கையில் தயிர்சாத டப்பாவோடு மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாளாம். எழுபத்திரண்டு நாள். காய்ச்சலில்கூட லீவு போடவில்லை. புனித வாரத்துப் புதன்கிழமை, கம்பியில் கோத்து முடித்த கவசத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மார்பில் பொன், ஓரங்களில் செம்பு, தோளில் நீலம். நான் போட்டுப் பார்த்தேன். என் தொந்தியும் அன்றைக்கு வீரமாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு கோயில் குத்துவிளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் திருநாளுக்குக் கோயிலுக்குப் போகும் உலோகம் எதுவானாலும் புளி காணாமல் போகாது. மகள் உழைத்த சாமான் மங்கலாக, கறை பிடித்த மாதிரி இருக்கிறதே என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. புளி, செங்கல்பொடி, கம்பி நார் மூன்றையும் எடுத்து மார்புப் பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். கை வலித்து நிறுத்தியபோது அறுபத்தெட்டுத் தகடுகள் வெள்ளை வெளேரென்று பளபளத்தன.

சாயங்காலம் வந்து பார்த்த விண்ணரசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றார் அம்மாக்கண்ணு. மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "அய்யோ, நான் என்னடி பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது. விண்ணரசி அழவில்லை. "அடிச்சுக்காதம்மா. அந்தத் தகட்டையெல்லாம் அவுத்துக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு பாய்க்குப் போன் பண்ண எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. பாய் ஜும்மாத் தொழுகையை விடமாட்டார். ஆனாலும் லெப்பைக்குடிகாட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டார். "நான் அரியலூர் பள்ளியிலயே தொழுதுக்கிறேன். நீ பாரு புள்ள, அல்லா இருக்கான்" என்றார். தகடுகளை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுப்பது என் வேலை. தலையைத் தொடாதே என்று எனக்கு உத்தரவு. பத்து மணிக்கு மோட்டார் கரண்ட் வந்து வோல்டேஜ் இறங்கியது. பதினொன்றரை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எப்படியும் முடியாது. அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாதா என்ன.

முக்கால் மணி நேரம் பஸ். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்பத்தேழு முடிந்திருந்தன, இருபத்தொன்று பாக்கி.

"இந்த இருபத்தொண்ண முதுகுல வச்சுடலாம், விண்ணு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நீங்கதான் கடைசில முதுகக் காட்டி மண்டி போடுவீங்களே. சாயம் போச்சும்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கீபோர்டைப் பார்த்தாள். பிறகு வேகமாக எதையோ தட்டி, பாக்கித் தகடுகளை ஒவ்வொன்றாக மிஷினில் வைத்தாள். கருப்பு எழுத்துக்குப் பத்து விநாடி போதும். என்ன எழுதினாள் என்று பார்க்க விடவில்லை. பஸ்ஸிலேயே கோத்து முடித்தாள்.

ஏழு மணிக்கு நாடகம். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் வேர்த்ததில்லை. சிலுவைக்கு எதிரே திரும்பி மண்டியிட்டபோது முன்வரிசையில் ஒரு குரல், "வெள்ளையா தெரியுது, போச்சு போச்சு" என்றது. எனக்கு வசனம் மறந்தே போனது. ஒரு வரிதான், அதையும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

திரை விழுந்ததும் ஆரோக்கியசெல்வம் மேடைக்கு வந்துவிட்டார். கவசத்தைத் தூக்கி என் பனியனைப் பார்த்தார். நனைந்திருந்தது, பொட்டுத் தங்கம் இல்லை. சாவியால் என் மார்புத் தகட்டைத் தட்டினார்.

"முன்னாடி சரி. பின்னாடி வெளுத்துடுச்சே?"

"மூக்குக் கண்ணாடி போட்டுட்டுப் படிங்க மாமா" என்றாள் விண்ணரசி.

அவர் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து சத்தமாகப் படித்தார். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது மாதிரி ஒவ்வொரு தகட்டிலும் ஒரே வாசகம்: 'அம்மாக்கண்ணு தேய்த்தது, 5-4-2007.' இருபத்தொன்றையும் தொட்டுப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். விண்ணரசி அப்போதுதான் அழுதாள்.

மகள் பந்தயத்தில் தோற்றுவிட்டாள் என்று பயந்து கோயில் சுவரோரம் ஒளிந்திருந்த அம்மாக்கண்ணுவை அனிதா மேரி கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவருக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"இதத் தேச்சா போவாதா?"

"போவாதும்மா."

என் முதுகை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, "இவ்வளவு செஞ்சவ, எம் பேர முன்பக்கமே போட்டிருக்கலாம்ல?" என்றார்.