தகட்டைத் தொட்டுட்டு வாங்க

சாத்தூரில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது அலைபேசி அடித்தது. "பேச்சியம்மா தவறிட்டாக அண்ணாச்சி. நெஞ்சுவலியாம். பாவம், விரல் போன கையோட எம்புட்டுத்தான் கஷ்டப்பட்டாக" என்றார் நண்பர். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பேச்சியம்மாளைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பாவம்' என்ற சொல்லை அவர் பெயரோடு ஒட்டாதீர்கள்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஒரு விபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பிறகு கணினிப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு சிவகாசியில் சொந்தமாகக் கடை போட்டார். வெடி வேலைக்குப் போன பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டவர்கள் உண்டு. "வெடிமருந்து அடைச்ச கை இது. அவசரப்படாது" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுப்பார்.

கடை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். பட்டாசு அறை வாசல்களில் இருப்பதைப் போன்றதுதான். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே அது ஆளைக் காப்பாற்றும், இங்கே கணினியின் மெமரியை. யார் வந்தாலும் முதல் பேச்சு, "தகட்டைத் தொட்டுட்டு வாங்க."

ஓர் ஆயுத பூஜையன்று, நல்லது செய்வதாக நினைத்து, அந்தத் தகடு முழுக்கச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டேன். பேச்சியம்மாள் ஈரத்துணியோடு ஓடி வந்தார். "கரண்டு மண்ணுக்குப் போக வழி வச்சிருக்கேன். நீங்க பொட்டு வச்சு அடைக்கீகளே!" கடையே சிரித்தது.

நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பவன். 2008-இல் அச்சக முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "அந்த ஓட்டை லேப்டாப்ப வச்சு ஒரு லேபிள் முடிச்சிருவியா? திங்கக்கிழமை இங்கதான் வந்து நிப்ப" என்றார் அவர். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் தீபாவளிப் பெட்டி ஆர்டர் கையில் இருந்தது. அதே திங்கட்கிழமை லேபிளின் மாதிரியைக் காட்டியாக வேண்டும். லேப்டாப்போ அந்த லேபிள் கோப்பைத் திறந்தாலே உறைந்து நின்றது. மதுரையில் காட்டியபோது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். வாங்க வழியில்லை. பேச்சியம்மாளிடம் போனேன்.

512 எம்பி மெமரியைக் கழற்றிவிட்டு 2 ஜிபி போட்டுக் கொடுத்தார். புது மெமரியின் மேல் வேகம் 667 என்று எழுதியிருந்தது. திரையில் பார்த்தால் 533 என்று காட்டியது. நாலு பேர் நிற்கும்போதே, "ஏமாத்துறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "போர்டு என்ன சொல்லுதோ அம்புட்டுதான் அண்ணாச்சி" என்றார். நான் முட்டாள்தனமாகக் கடையின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த போர்டு இல்ல, லேப்டாப்புக்குள்ள இருக்கிற போர்டு. அதுல இருக்கிற சிப்செட்டுக்கு 533தான் லிமிட். வேகமான மெமரியப் போட்டாலும் அதோட நடைக்குத்தான் நடக்கும். ஆனா இது வேகம் பத்தாம நிக்கல, உக்கார இடமில்லாம நின்னுச்சு. இடம் போட்டாச்சு. இப்பத் தொறந்து பாருங்க."

திறந்தேன். கோப்பு முழுதாகத் திறந்தது.

நான் தலைகுனிந்து நின்றபோது இன்னொன்றும் சொன்னார். "எங்க அறை வாசல்லயும் போர்டு இருந்துச்சு, நாலு ஆளுன்னு. சீசன் அவசரத்துல ஏழு பேர உக்கார வச்சாக. அன்னைக்குத்தான் விரல் போச்சு. போர்டு சொல்ற லிமிட்ட நான் மீற மாட்டேன். ஆளு சொல்ற லிமிட்ட மதிக்கவும் மாட்டேன். நீங்க போய் வேலையப் பாருங்க."

திங்கட்கிழமை லேபிளின் மாதிரி அச்சங்குளம் போய்ச் சேர்ந்தது. பழைய முதலாளியின் வாசலை அதன்பிறகு நான் மிதிக்கவில்லை.

இறுதி ஊர்வலத்துக்கு முன் கடைப்பக்கம் போனேன். அக்கம்பக்கத்தார் பாசத்தில் அந்தச் செம்புத் தகட்டுக்கு மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். மாலையைக் கழற்றினேன். வேட்டி நுனியை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

"செத்தவுக கடை வாசல்ல பொட்டழிக்காதீக!" என்று ஒரு பெரியவர் பதறினார்.

"நாளைக்கு அவுக மக கடையத் தொறக்கும். வழிய அடைக்காதீக" என்றேன். செம்பு தெரியும்வரை தேய்த்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன்.

அந்த லேப்டாப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 533-இல்தான் ஓடுகிறது. இதையும் அதில்தான் அடித்தேன். இனி யாராவது உன்னால் முடியாது என்று சொன்னால், எந்த போர்டில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்பேன். பேச்சியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.